சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது விநாடி

தமிழ்மாறன் கேபிளை வெட்டியது கோபத்தில்தான். கட்டிங் பிளேயரோடு ஸ்டூல் போட்டு ஏறினார், வாசலுக்கு மேலே வந்த கறுப்பு ஒயரை ஒரே வெட்டு. அதோடு விட்டாரா? டிவிக்குக் கீழே இருந்த பெட்டியைப் பிடுங்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய், கேபிள்காரர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். "இத நீயே வச்சிக்கினு நீயே பாரு" என்று சொன்னாராம். பதினோரு வருஷமாக அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். அந்த மனுஷன் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மகள் இசைப்பிரியா ஃபுட்பால் ஆடுகிறாள், கோல் கீப்பர். அவள் ஆடும் மேட்ச் முதன்முதலாக டிவியில் வந்த அன்று, அந்தச் சேனல் இவர் வீட்டில் வரவில்லை. ஏதோ பேக்கேஜ் மாறிவிட்டதாம். போன் போட்டுக் கேட்டதற்கு, "ஃபுட்பால்லாம் யாரு சார் பாக்குறாங்க" என்று கேபிள்காரர் சிரித்திருக்கிறார். மகள் ஆடி முடித்து, ஜெயித்து, "பாத்தியாப்பா?" என்று கேட்டபோது இவர் "பாத்தன்" என்று பொய் சொன்னார். மறுநாள் காலையில் ஒயரை வெட்டினார்.

இனி கேபிள் கிடையாது, அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்தும் பார்க்க மாட்டேன் என்று ஒரு சபதம் வேறு. நெட் கனெக்‌ஷன் வாங்கினார். டிவிக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு எதையோ சொருகினார். எல்லா மேட்ச்சும் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கண்ணே, ஒங்க வூட்டு படத்தவிட தெளிவு." தெளிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டு டிவியைவிட நாற்பது விநாடி பின்னால் ஓடியது.

எங்களுடையது இரட்டைக் குவார்ட்டர்ஸ். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். என் டிவியும் அவர் டிவியும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கொளஞ்சிநாதனாகிய நான் எங்கள் ஊரில் இருந்திருந்தால் என் தெரு வேறு, அவர் தெரு வேறு, நடுவில் வயலே கிடக்கும். இங்கே ஒன்பது அங்குலச் செங்கல்தான். நான் இருமினால் "மாத்திர போட்டீங்களாண்ணே" என்று அங்கிருந்து கேட்பார்.

மேட்ச் பார்த்தால் நான் கத்துவேன். அது என் பிறவிக் குணம். கோல் விழுந்தால் கத்துவேன், தப்பினால் அதைவிடக் கத்துவேன். "இது வாயா, இல்ல சைரனா" என்பாள் என் வீட்டுக்காரி சங்கீதா. பாவம் அந்த மனுஷன். அவர் டிவியில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும், என் "கோல்" சுவரைத் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒங்க வூட்ல கோலு வுழுந்தா ஒரு நாப்பது எண்ணிட்டு கத்துங்களேன்."

"நாப்பது எண்றதுக்குள்ள எனக்கு ஆசையே போயிடும்பா. பேசாம இங்க வந்து பாரேன், மாறா."

"சொன்னா சொன்னதுதாண்ணே."

சரி போகட்டும் என்று நானும் வாயை மூடப் பழகினேன். கோல் விழுந்தால் தலையணையை எடுத்து வாயில் அமுக்கிக்கொள்வேன். அதுவும் சரிப்பட்டு வரவில்லை. ஒருநாள் ஷிப்டுக்குப் போகும்போது பஸ்ஸில் சொன்னார்: "நீங்க கத்துனாகூட பரவால்லண்ணே. பேசிக்கினே இருக்கறவரு திடீர்னு கம்முனு ஆயிடறீங்க பாருங்க, அதுதான் தாங்க முடியல. இன்னாமோ ஆவப்போவுதுன்னு தெரியுது, இன்னான்னு தெரியல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போலாகிவிட்டது.

அவர் பார்க்கும் வேலை அப்படி. நாங்கள் இரண்டு பேரும் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவு. நான் பாறையில் துளை போடும் மிஷினில், அவர் கொடி. வெடிக்கு முன்னால் முதல் சைரன் ஊதினால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மண் பாதையில் ஐந்நூறு மீட்டர் தள்ளி சிவப்புக் கொடியோடு அவர் நிற்பார். இரண்டாவது சைரன் ஊதியதும் வெடி. இந்த இரண்டுக்கும் நடுவே யாராவது உள்ளே தெரிந்தால், மாட்டைத் தேடி வந்தவரோ, குறுக்கு வழி என்று சைக்கிளில் புகுந்தவரோ, அவர் கொடியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்ட வேண்டும். ஆட்டினால் வெடியை நிறுத்திவிடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் மூன்று முறை ஆட்டியிருக்கிறார். மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

"சைரன் ஊதிட்டா முடிஞ்சிதுன்னு நெனைக்கிறாங்க," என்பார். "அதுக்கப்பறமும் நமக்கு டைம் இருக்குண்ணே. பாத்துக்கினே இருந்தா நிறுத்திடலாம்."

அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முதலில் மண் எழும்பும். சத்தம் அப்புறம்தான் வந்து சேரும். அங்கே முதலில் பார்ப்பார், பிறகு கேட்பார். வீட்டில் அது தலைகீழாகிப் போனது. முதலில் கேட்டார், பிறகு பார்த்தார். பழக்கமில்லாத அந்த வரிசை அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இருபத்தாறில் முதல் பதினான்கு வருஷம் கான்ட்ராக்ட். ஒவ்வொரு முறை கான்ட்ராக்டர் மாறும்போதும் லிஸ்டில் இவர் பெயர் இருக்குமா என்று அவர் மனைவி மணிமொழி சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாளாம். அப்புறம்தான் பெர்மனென்ட், அதற்கப்புறம்தான் இந்தக் குவார்ட்டர்ஸ். அதனால் பெர்மனென்ட் என்ற வார்த்தையை அவர் சாமி பெயரைச் சொல்வதுபோல்தான் சொல்வார். மகளுக்கும் ஒரு பெர்மனென்ட் வேலை, விளையாட்டு ஒதுக்கீட்டில், ரயில்வேயில். வேறு ஆசை எதுவும் அந்த வீட்டில் இல்லை.

அந்த ஆசை முழுதும் ஒரு முழங்காலில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இசைப்பிரியாவுக்கு இடது முட்டியில் ஜவ்வு அறுந்து ஆப்பரேஷன். ஒன்பது மாதம் வீட்டில் கிடந்தாள். கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து மறுபடியும் நடக்கப் பழக்கியதுவரை எல்லாம் மணிமொழி ஒருத்திதான். இன்னொரு முறை அறுந்தால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான், நடைகூடப் பழையபடி இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்ப ஆடப் போவதற்கு முன்னால் மணிமொழி மகளிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். முட்டியில் சின்ன வலி என்றாலும் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும். பெண்ணும் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனாள்.

பங்குனி மாதம் பெண்களுக்கான அகில இந்தியப் போட்டியில் இவள் டீம் ஃபைனலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு மேட்ச், ஊரோ ரயிலில் இரண்டு நாள் தூரம். டிவியில் காட்டுகிறார்கள் என்றதும் பிளாக் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். அவருக்குப் போன் வந்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பாப்பாவுக்குக் கால் வீங்கியிருக்காம்ண்ணே. எடது முட்டி. ஐஸ் வச்சா எறங்குதாம், ஓடுனா திரும்ப வருதாம்."

"கோச்சுகிட்ட சொன்னாளா?"

"சொன்னா வேற பொண்ண நிக்க வச்சிடுவாங்கல்ல. ரயில்வேக்காரங்க அன்னிக்கித்தான வந்து பாக்குறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

பஸ் வந்து, ஏறி, உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "ஒரு மேட்ச்தானம்மா, பல்லக் கடிச்சிக்கினு ஆடிடுன்னு சொல்லிட்டன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மணிக்கு மட்டும் தெரிய வாணாம்ண்ணே."

நான் அந்த நிமிஷமே அவரைத் திட்டியிருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மணிமொழியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவள் அன்று சாயந்திரமே ரயிலேறிப் போய்ப் பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். செய்தேனா? "அவளுக்குத் தெரியாததா, பாத்துக்குவா வுடு" என்றேன். ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற இதே வாய்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாததுபோல் இருந்தது. புதன்கிழமை மணிமொழி துணி காயப்போட்டுக்கொண்டே என்னைக் கேட்டாள்: "அண்ணே, அவரு ஏன் நேத்துலேர்ந்து சரியா சோறு திங்கல? ஒங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

"ஃபைனல் டென்ஷன்மா," என்றேன்.

வெள்ளிக்கிழமை சுரங்கத்தில் ஒன்று நடந்தது. முதல் சைரன் ஊதி, எல்லோரும் வெளியே வந்தாயிற்று. இரண்டாவது சைரனுக்குக் கை போகும் நேரம், தமிழ்மாறன் கொடியைத் தூக்கி ஆட்டினார். வெடியை நிறுத்திவிட்டார்கள். ஜீப்பில் போய் மூலை மூலையாகத் தேடினோம். ஒரு நாய்கூட இல்லை. "யாருய்யா உள்ள?" என்று ஆபீசர் கத்தினார். "யாரோ மாதிரி இருந்துது சார்" என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தாறு வருஷத்தில் ஆள் இல்லாமல் அவர் கொடி ஆட்டியது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றேகாலுக்கு மணிமொழி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து, திருவிழாவுக்குப் போகிறவள்போலப் புதுப் புடவை கட்டியிருந்தாள்.

"எம்பொண்ண நான் அப்பப்பவே பாக்கணும் சங்கீதாக்கா. நாப்பது செகண்டு கழிச்சி இன்னாத்துக்குப் பாக்கணும்? அவரும் நீ அங்க போயி பாருன்னுட்டாரு."

சபதத்துக்காக அவர் அங்கேயே இருக்கிறார் என்று சங்கீதா நினைத்தாள். எனக்குத் தெரியும், அது சபதம் இல்லை. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அந்த மேட்சைப் பார்க்க அவரால் முடியாது.

மஞ்சள் ஜெர்சியில் இசைப்பிரியா ஓடி வந்தாள். மணிமொழி டிவியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உடனே கையை இறக்கினாள்.

"முட்டிக்கு ஏன் பட்ட கட்டியிருக்கா?"

"கீப்பருங்க எல்லாரும் கட்டுவாங்கம்மா," என்றேன்.

இருபதாவது நிமிஷம் ஒரு பந்து, கோலுக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன். எங்கிருந்தோ பாய்ந்து விரல்நுனியால் வெளியே தள்ளினாள். சங்கீதா "யம்மாடி" என்றாள். மணிமொழிக்குக் கண்ணில் தண்ணீர். அந்தக் களேபரமெல்லாம் அடங்கி ஆட்டம் வேறு எங்கோ போன பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. இடைவேளையில் அவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். நானும் இரண்டு தட்டினேன்.

இரண்டாவது பாதியில் பந்து அந்தக் கோடியில் இருந்தபோதெல்லாம் இசைப்பிரியா கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டி நீட்டி மடக்கினாள். கேமரா ஒரு நொடி காட்டிவிட்டுப் போகும். அந்த ஒரு நொடி பெற்றவளுக்குப் போதாதா? மணிமொழி முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எழுபத்திரண்டாவது நிமிஷம். யாரும் கோல் போடவில்லை. எதிர் டீமுக்கு வலது பக்கம் கார்னர். பந்து உயர்ந்து வந்தது. நாலைந்து பெண்களுக்கு மேலே எழும்பி இரண்டு கையாலும் பிடித்தாள், அழகாகப் பிடித்தாள். இறங்கும்போது இடது கால் மட்டும் தரையில் பட்டது. முட்டி உள்பக்கமாக மடங்கியது. அப்படியே விழுந்தாள். பந்தை மட்டும் விடவில்லை, வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள்.

"அய்யோ பாப்பா," என்றாள் மணிமொழி. ஒரு தடவைதான். அந்தச் சுவருக்கு அது போதும்.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எங்கள் படி இரண்டு இறங்கி, மருதாணி வேலியைச் சுற்றி, அவர்கள் படி இரண்டு ஏறினால் அந்த வீடு.

தமிழ்மாறன் நாற்காலியில் இல்லை, டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். டிவியில் இசைப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். கையுறை போட்ட கையை வீசி வீசித் தன் ஆட்களை இடம் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தாள். கார்னர் அடிக்கும் பெண் அப்போதுதான் பந்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எடது காலா?" என்று கேட்டார்.

மணிமொழி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எந்தக் கால் என்று அவள் சொல்லவில்லை. அடிபட்டது காலில் என்றுகூட அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இரு மணி. இன்னும் வுழல. இங்க இன்னும் வுழல."

சொல்லிவிட்டு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். ஆட்டினார். மண் பாதையில் நின்று ஆட்டுவாரே, அதே மாதிரி, தோளிலிருந்து முழுக் கையையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக. கையில் கொடி இல்லை. டிவியில் அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய், ஓடி வந்து உதைத்தாள். பந்து உயர்ந்தது. அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். ஒரு தடவை பார்த்ததை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். வர்ணனைக்காரரின் குரல் சட்டென்று நின்றதை வைத்துத் தெரிந்துகொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் கை மேலேயே இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், என் வீட்டில், கைதட்டல் கேட்டது. சங்கீதா டிவியை அணைக்கவில்லை. மைதானம் முழுக்கக் கைதட்டுகிற சத்தம். இங்கே டிவியில் பெண் இன்னும் தரையில் கிடந்தாள், டாக்டர் பையைத் திறந்துகொண்டிருந்தார்.

தமிழ்மாறன் முகம் மலர்ந்தது. "கேட்டியா மணி? கை தட்றாங்க பாரு. எழுந்துட்டா. எழுந்து நின்னிருப்பா."

விழுந்த ஆள் எழுந்து நின்றாலும் கைதட்டுவார்கள், தூக்கிக்கொண்டு போனாலும் கைதட்டுவார்கள். இத்தனை வருஷம் ஃபுட்பால் பார்க்கிற அவருக்கு அது தெரியாதா? அந்த நாற்பது விநாடியும் அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணிமொழி டிவியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். இசைப்பிரியா இரண்டு கையுறையையும் முகத்தின்மேல் வைத்து மூடிக்கொண்டாள். கோட்டுக்கு வெளியே இன்னொரு பெண் மஞ்சள் ஜெர்சியை மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது இந்த டிவியிலும் கைதட்டினார்கள்.

மணிமொழி போய் டிவியை அணைத்தாள்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"செவ்வாக்கெழம." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வலிக்கிதுன்னுதான் சொன்னா. நாந்தான் ஆடுன்னன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே?" என்றாள்.

"தெரியும்மா," என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வுழுந்தத மொதல்ல பாத்தவ நான்," என்றாள். "மத்ததெல்லாம் எனக்குத்தான் கடைசி." டிவி மேஜைமேல் இருந்த அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மருதாணி வேலி பக்கத்தில் நின்று மகள் நம்பரைப் போட்டாள். ரிங் போகும் சத்தம் உள்ளே எங்களுக்கும் கேட்டது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.